கழுத்தில் ஆபரேஷன், கண்ணில் ஏன் கவனம்?



அண்மையில் ஒரு வட்டாரக் கூட்டத்தில் பிரஷர், சர்க்கரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு அக்கா எழுந்து, "எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்து ரத்தக்குழாயில அடைப்புன்னு ஆபரேஷன் பண்ணி அனுப்பியிருக்காங்க. கிளம்பும்போது டாக்டரம்மா, 'கண்ணு மங்கலாத் தெரிஞ்சா வீட்ல வச்சுப் பாக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. கழுத்துல வெட்டினதுக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள், "மயக்க மருந்து குடுத்ததால இருக்கும்", "தூக்கம் கெட்டா கண்ணு மங்கத்தானே செய்யும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. பதில் தெரிந்திருந்தால் ஒரு கண்ணையும், சில சமயம் ஒரு பக்கத்துக் கை காலையும்கூடக் காப்பாற்றலாம். அதனால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கண்மாயும் கடைமடையும்

குரல்வளைக்குப் பக்கவாட்டில் இரண்டு விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரியும். (ஒரு பக்கம் மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. தேய்க்கவும் கூடாது.) அந்தத் துடிப்புதான் கரோட்டிட் என்கிற கழுத்து ரத்தக்குழாய். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பின்கழுத்து எலும்பு வழியாகவும் இரண்டு குழாய்கள் மேலே போகின்றன. ஆனால் மூளைக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பங்கு இந்த முன்பக்கக் குழாய்கள் வழியாகத்தான் போகிறது.

தாடைக்குச் சற்றுக் கீழே இந்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகம், நாக்கு, தலைத்தோல் ஆகியவற்றுக்கு ரத்தம் கொடுக்கிறது. உட்கிளை மண்டை ஓட்டுக்குள் நுழைந்து மூளைக்குப் போகிறது. மூளைக்குப் போகிற வழியில் உட்கிளை பிரித்துவிடும் முதல் பெரிய வாய்க்கால் எங்கே போகிறது தெரியுமா? கண்ணுக்குத்தான். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு சின்னக் குழாய் பிரிந்து, கண்ணின் பின்பக்கமாக நுழைந்து விழித்திரைக்கு ரத்தம் தருகிறது. விழித்திரை என்பது பழைய கேமராவில் பிலிம் இருந்த மாதிரி. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது.

இப்போது நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். இதயம் கண்மாய். கழுத்துக் குழாய் பெரிய வாய்க்கால். விழித்திரை கடைமடை வயல். கடைமடைக்காரர் படும் பாடு நமக்குத் தெரியும். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர் வயல்தான். மேலே ஏதாவது குப்பை அடித்துக்கொண்டு வந்தால் போய்ச் சிக்குவதும் அவர் மடையில்தான். விழித்திரையின் உள்பகுதிக்குப் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஒரே வாய்க்கால்தான் உண்டு. அது அடைபட்டால் பக்கத்து வயலில் இருந்து தண்ணீர் திருப்ப வழியில்லை.

வாய்க்காலில் வண்டல் எங்கே அதிகம் சேரும்? பிரிகிற இடத்தில். தண்ணீர் அங்கே சுழல்கிறது, வேகம் குறைகிறது, மண் படிகிறது. கழுத்துக் குழாயிலும் அப்படித்தான். இரண்டாகப் பிரிகிற அந்த இடத்தில்தான் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து திட்டாகப் படிகின்றன. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் இந்தத் திட்டை வளர்க்கின்றன. வருஷக்கணக்காக, சத்தமில்லாமல் வளரும்.

இதனால் கெடுதல் இரண்டு விதமாக வரும். குழாய் சுருங்கிப் போய் ரத்தம் குறைவது ஒன்று. திட்டில் இருந்து துணுக்குகள் உடைந்தோ, அதன் மேல் உறைந்த ரத்தம் பிய்ந்தோ மேலே அடித்துச் செல்லப்படுவது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. அந்தத் துணுக்கு மூளைப் பக்கம் திரும்பினால் பக்கவாதம். கண் பக்கம் திரும்பினால் பார்வை போகும். எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திரை விழுந்த மாதிரி

துணுக்கு சின்னதாக இருந்தால் விழித்திரைக் குழாயில் சிக்கி, கொஞ்ச நேரத்தில் கரைந்தோ நகர்ந்தோ போய்விடும். அந்தக் கொஞ்ச நேரம் என்ன ஆகும்? ஒரு கண்ணில் மட்டும், மேலே இருந்து திரை இறங்கின மாதிரி இருட்டிக்கொண்டு வரும். சிலருக்குப் புகை மூட்டமாக இருக்கும். சில விநாடிகளில் இருந்து சில நிமிஷங்கள் வரை இருக்கும். பிறகு தானாகத் தெளிந்துவிடும். வலி இருக்காது. கண் சிவக்காது. நீர் வடியாது.

இதில்தான் நாம் ஏமாறுகிறோம். நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போது வந்தால் "வெயில்ல கிறுகிறுப்பு" என்கிறோம். காலையில் வந்தால் "பித்தம்" என்கிறோம். தெளிந்துவிட்டதால் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வலித்தால் டாக்டரிடம் போவோம், வலிக்காத ஒன்றுக்கு அரை நாள் கூலியை விட மாட்டோம். விழித்திரைக்கு வலி உணர்வே கிடையாது. கைக்கு முள் குத்தினால் தெரிகிற மாதிரி அதற்குத் தெரியாது. அதனால் "வலி இல்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்கிற கணக்கு இங்கே செல்லாது.

அந்தச் சில நிமிஷ இருட்டு, கண்ணுக்கு வந்துபோன சின்ன பக்கவாதம் என்றே டாக்டர்கள் கருதுகிறார்கள். பெரிய பக்கவாதம் வருவதற்கு முன் வருகிற தந்தி அது. இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். இடது கழுத்துக் குழாயில் அடைப்பு என்றால் இடது கண் இருட்டும். ஆனால் மரத்துப்போவது வலது கையும் வலது காலும். மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதுதான் காரணம். "கண்ணு இந்தப் பக்கம், கை அந்தப் பக்கம், ரெண்டும் வேற வேற வியாதி" என்று பிரித்துப் பார்த்துவிடக் கூடாது. கனடாவில் இருந்த மில்லர் ஃபிஷர் என்ற டாக்டர் இந்தத் தொடர்பை விளக்கி 1951-ல் எழுதினார். அதற்கு முன் டாக்டர்களே இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை என்னும்போது நாம் கவனிக்காமல் விட்டதில் ஆச்சரியம் இல்லை.

கண் டாக்டர் பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே லைட் அடித்துப் பார்ப்பார் அல்லவா? அப்போது விழித்திரைக் குழாயில் மஞ்சளாக மின்னும் ஒரு துகள் சில சமயம் தெரியும். கழுத்துத் திட்டில் இருந்து பிய்ந்து வந்த கொழுப்புப் படிகம் அது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் இருந்த ஹாலன்ஹார்ஸ்ட் என்ற கண் டாக்டர் 1961-ல் இதை விவரமாக எழுதினார். உடம்பை அறுக்காமல் ரத்தக்குழாயை நேரில் பார்க்க முடிகிற இடம் கண் ஒன்றுதான். அதனால்தான் கண்ணைக் காட்டப் போனவரைச் சில சமயம் கண் டாக்டர், "கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புகிறார். "கண்ணு காட்டப் போனா கழுத்தப் பாக்கச் சொல்றாங்க, காசு புடுங்கறாங்க" என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

குழாய் மிகவும் சுருங்கிப் போனவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வெயிலில் இருந்து வீட்டுக்குள் வந்தால் எல்லோருக்கும் கொஞ்ச நேரம் கண் கட்டும். ஆனால் ஒரு கண் மட்டும் வெகுநேரம் வெளிறிப் போய், தெளியத் தாமதமானால், அந்தக் கண்ணுக்கு ரத்தம் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

துணுக்கு பெரிதாக இருந்து, குழாயில் சிக்கி நகராமலே நின்றுவிட்டால் பார்வை திரும்ப வராது. அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த சோகன் சிங் ஹேரே என்ற டாக்டர் குரங்குகளின் கண்ணில் இதை ஆராய்ந்தார். சுமார் ஒன்றரை மணி நேரம் வரை விழித்திரை தாக்குப்பிடித்தது. நான்கு மணி நேரம் ஆனபோது அநேகமாக முழுவதுமே பட்டுப்போயிருந்தது. நம் ஊரில் இருந்து பஸ் பிடித்து டவுனுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்துக் குழாயை எப்படிச் சரிசெய்கிறார்கள்?

1954 மே மாதம் லண்டனில் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரிக்கு 66 வயதுப் பெண் ஒருவர் வந்தார். வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த சாதாரணக் குடும்பப் பெண்தான். அதற்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் 33 தடவை அவருக்கு வலது கை கால் செயலிழப்பதும், பேச்சு குழறுவதும், இடது கண் மங்குவதும் வந்து வந்து போயிருக்கின்றன. 33 தடவை! அவர் இடது கழுத்துக் குழாயில் அடைப்பு இருந்தது. டாக்டர்கள் அவர் உடம்பை ஐஸ் வைத்துக் குளிரச் செய்து, அடைப்பு இருந்த துண்டை வெட்டி எடுத்து, குழாயை ஒட்டித் தைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாக்குதல்கள் நின்றுவிட்டன. ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் என்ற மூன்று டாக்டர்கள் அதே வருஷம் லேன்செட் பத்திரிகையில் இதை எழுதியபோதுதான் கழுத்துக் குழாய் ஆபரேஷன் உலகத்துக்கே பரவலாகத் தெரியவந்தது. இந்த வைத்திய வரலாற்றின் முன்வரிசையில் ஒரு குடும்பப் பெண் இருக்கிறார் என்பதை நினைக்கும்போது நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கழுத்தில் வெட்டி, குழாயைத் திறந்து, உள்ளே படிந்த திட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தைப்பது. இன்னொன்று, தொடையிலோ கையிலோ ஊசி போட்டு, அந்த வழியாக ஒரு மெல்லிய கம்பியைக் கழுத்து வரைக்கும் கொண்டுபோய், பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை வைப்பது. இதயத்துக்கு வைப்பது போலத்தான்.

அடைப்பு இருக்கிற எல்லோருக்கும் இது தேவை என்று நினைத்துவிட வேண்டாம். பலருக்கு மாத்திரையே போதும். ஆனால் அறிகுறி வந்து, அடைப்பும் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1991-ல் வந்தது. இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 26 பேர். மாத்திரையோடு ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் 100-க்கு 9 பேர். ஆபரேஷனின்போதே வந்த கெடுதலையும் சேர்த்துத்தான் இந்த 9.

நம் உறுப்பினர்கள் அவசியம் மனதில் வைக்க வேண்டியது வேறொன்று. அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் பலன் அதிகம். நாள் போகப் போகப் பலன் குறைகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இன்னும் வேகமாகக் குறைகிறது என்று 2004-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? ஆணுக்கு ஒன்று என்றால் அன்றைக்கே வண்டி வருகிறது. பெண்ணுக்கு என்றால், "அறுப்பு முடியட்டும்", "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்" என்று அவளே தள்ளிப்போடுகிறாள். எந்த உடம்பு தாமதத்தைத் தாங்காதோ அந்த உடம்புக்குத்தான் நாம் தாமதம் செய்கிறோம். இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை, நம் எல்லார் வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

மடை திறந்த பிறகு

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். அடைப்பை எடுத்த பிறகும் ஏன் கண்ணைக் கவனிக்கச் சொல்கிறார்கள்?

வாய்க்காலைத் தூர்வாரும்போது என்ன நடக்கும்? மண்வெட்டி பட்ட உடனே கலங்கல் தண்ணீர் கீழே ஓடும். அப்படித்தான் ஆபரேஷன் செய்யும்போதோ, கம்பியும் ஸ்டென்டும் திட்டைக் கடந்து போகும்போதோ துகள்கள் பிய்ந்து மேலே போகலாம். இதைத் தடுக்க ஸ்டென்ட் வைக்கும்போது, காபி வடிகட்டி மாதிரி ஒரு சின்ன வலையை மேலே விரித்து வைக்கிறார்கள். முடிந்ததும் சிக்கிய குப்பையோடு அதை வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் சிலது தப்பிவிடும். ஒரு ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களில் 100-க்கு 50 பேருக்கும், கத்தி வைத்து ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 17 பேருக்கும் மூளையில் புதிதாகச் சின்னச் சின்ன அடையாளங்கள் தெரிந்தன. இந்த ஆய்வு 2010-ல் வெளியானது. பயப்பட வேண்டாம், அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவையும் உணரவில்லை. ஆனால் துகள் போகிறது என்பது உண்மை, கண்ணும் அதே வழியில்தான் இருக்கிறது. விழித்திரைக்குப் போகிற துகளும் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். எங்கோ ஒருவருக்குப் பெரிய துகள் சிக்கி, மயக்கம் தெளிந்து பார்க்கும்போது ஒரு கண் தெரியாமல் இருக்கும். அல்லது வீட்டுக்கு வந்த பிறகு, தையல் போட்ட இடத்திலோ ஸ்டென்டிலோ ரத்தம் உறைந்து, அதில் இருந்து பிய்ந்து போகலாம். டாக்டரம்மா பயந்தது இதற்குத்தான்.

அப்படி அடைபட்ட கண்ணுக்கு நிச்சயமாகப் பார்வையைத் திருப்பித் தரும் வைத்தியம் என்று ஒன்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் அதை முதல் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆபரேஷன் முடிந்த புதிதில் அதைப் போட்டால் வெட்டின இடத்தில் ரத்தம் கசியும் என்பதால் எல்லோருக்கும் போட முடியாது. அப்படியானால் ஓடிப்போய் என்ன பயன் என்று கேட்கலாம். குழாய் திரும்ப அடைத்துக்கொண்டதா என்று உடனே பார்த்து, அடுத்த துணுக்கு மூளைக்குப் போகாமல் தடுப்பதுதான் பயன். கண்ணில் வந்தது மூளைக்கு வர அதிக நாள் ஆகாது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் விநோதமானது. கழுத்துக் குழாய் வெகுகாலமாக மிகவும் சுருங்கிக் கிடந்தவர்களுக்குத்தான் இது வரும். முன்வாசல் வழியாகத் தண்ணீர் வராத வீட்டில் கொல்லைப்புறம் வழியாகக் குடம் குடமாகக் கொண்டுவருவோம் இல்லையா? அதுபோல, முகத்துக்குப் போகிற வெளிக்கிளையில் இருந்து ரத்தம் பின்பக்கமாகத் திரும்பிக் கண்ணுக்கு வரும். அதுவும் போதாமல் போனால், பசியில் இருக்கும் கண் தானாகவே புதுப்புது ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கும். நல்ல குழாய்கள் அல்ல, காய்ந்த வாய்க்காலில் கருவேல முள் முளைத்த மாதிரி. அது முளைப்பதும் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியே வடிகிற ஓரத்தில். ரத்தம் குறைவாக இருக்கிறவரை நீர் ஊறுவதும் குறைவு, அதனால் தொந்தரவு தெரியாது. கழுத்து அடைப்பை எடுத்ததும் ரத்தம் வருகிறது, நீர் நன்றாக ஊறுகிறது, வடிகாலோ முள் மண்டி அடைந்து கிடக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இது கிளாக்கோமாவில் ஒரு வகை.

இந்தத் தடவை வலி இருக்கும். கண் சிவக்கும், கண்ணும் நெற்றியும் குத்தும், குமட்டல் வரும், விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரியும், பார்வை மங்கும். இது ஆபரேஷன் முடிந்த சில நாளிலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். "மெட்ராஸ் ஐ" என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் இருந்துவிட்டால் பார்வை நரம்பு கெட்டுவிடும். அதனால் கழுத்து அடைப்பு மிக அதிகமாக இருப்பவர்கள், கண் மங்கலும் இருந்தால், முடிந்தவரை ஆபரேஷனுக்கு முன்பே கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. அப்படிப் புதுக்குழாய் முளைத்திருந்தால் லேசர் சிகிச்சை செய்து அடக்க வழியிருக்கிறது. ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம், "கண்ணையும் ஒரு தடவை பாக்கணுமாங்க?" என்று நாமே கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

மூன்றாவது, காய்ந்து கிடந்த வாய்க்காலில் திடீரென்று முழுத் தண்ணீரையும் திறந்துவிட்டால் கரை உடையும். அடைப்பு எடுத்த பக்கத்தில் ரத்தம் வேகமாகப் பாய்ந்து, மூளையால் அதைத் தாங்க முடியாமல் போவது அபூர்வமாக நடக்கும். ஆபரேஷன் செய்த பக்கத்துத் தலை விடாமல் வலிக்கும், பிரஷர் ஏறும், வலிப்பு வரலாம், குழப்பமாகப் பேசலாம். பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், ஒரு மாதம் வரைக்கும் வர வாய்ப்பு உண்டு. இதை அடக்கும் முக்கிய வழி பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான். "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று பிரஷர் மாத்திரையை விடுவது இந்தச் சமயத்தில்தான் ரொம்ப ஆபத்து.

இதற்கு நேர்மாறாக, ஸ்டென்ட் வைத்த முதல் ஒன்றிரண்டு நாளில் சிலருக்குப் பிரஷர் மிகவும் இறங்கி, இரண்டு கண்ணும் இருண்டு மயக்கம் வருவதும் உண்டு. பிரஷரை அளக்கும் நரம்பு முனை அந்தப் பிரிவு இடத்திலேயே இருப்பதால் வருவது இது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சரிசெய்துவிடுவார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்ப ஆபரேஷனே வேண்டாம்" என்று யாரும் முடிவுசெய்துவிடாதீர்கள். டாக்டர் தேவை என்று சொன்னவர்களுக்கு, அடைப்பை விட்டுவைப்பதில் இருக்கும் ஆபத்தைவிட இவை குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்கு நல்ல ரத்த ஓட்டம் வந்து, வந்து வந்து போன மங்கல் அடியோடு நின்றவர்கள்தான் அதிகம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு கண் மங்கினால் நமக்கே உடனே தெரிவதில்லை. இன்னொரு கண் அதைச் சமாளித்துவிடும். பல பேர், முகம் துடைக்கும்போது தற்செயலாக நல்ல கண்ணை மூடியபோதுதான், "ஐயோ, இந்தக் கண்ணு தெரியலையே" என்று கண்டுபிடிக்கிறார்கள். எப்போது போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் ஆபரேஷன் முடிந்து வந்தவரை, தினமும் காலையில் சுவரில் இருக்கும் தினசரி காலண்டர் முன் நிற்கவையுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடி வலது கண்ணால் தேதியைப் படிக்கட்டும், பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணால் படிக்கட்டும். கண்ணை அழுத்த வேண்டாம், மூடினால் போதும். எழுத்துப் படிக்கத் தெரியாதவர் சாமி படத்தைப் பார்க்கட்டும். நேற்றுத் தெரிந்தது இன்றைக்குத் தெரியவில்லை என்றால், பாதி மறைகிறது என்றால், அன்றைக்கே கிளம்ப வேண்டும். தெளிந்துவிட்டாலும் கிளம்ப வேண்டும்.

எங்கே போவது? கண்ணாடிக் கடைக்கு அல்ல. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு. அது வெகுதூரம் என்றால், ஸ்கேன் வசதியும் பக்கவாதத்துக்கு வைத்தியமும் இருக்கிற மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போங்கள். 108-க்குப் போன் செய்யும்போது "கண்ணு வலி" என்று சொல்லாதீர்கள். "கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷன் ஆனவர், திடீர்னு ஒரு கண்ணு தெரியல" என்று சொல்லுங்கள். கை கால் மரத்துப்போவதோ, வாய் கோணுவதோ, பேச்சு குழறுவதோ கூட இருந்தால் அதையும் சொல்லுங்கள். மணி எத்தனைக்கு ஆரம்பித்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

கண்ணில் தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது எல்லாம் நம் பாட்டிமார் காட்டிய வழி. அவர்கள் மேல் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த அடைப்பு இருப்பது கண்ணுக்கு உள்ளே, பின்பக்கத்தில். மேலே விடுகிற எதுவும் அங்கே போய்ச் சேராது. நேரம்தான் போகும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு முதலில் இரண்டும் சேர்த்துக் கொடுப்பார்கள், எப்போது ஒன்றாகக் குறைப்பது என்று டாக்டர்தான் சொல்வார். பல் பிடுங்கப் போனாலும், "நான் இந்த மாத்திரை சாப்பிடறேன்" என்று பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே போய் வாங்குங்கள். பீடியை விடச் சொல்லி வீட்டுக்காரரிடம் சண்டை போட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம்மிலும் பலருக்கு உண்டு. அதுவும் பிரஷரை ஏற்றும்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அட்மிட் ஆகும்போதே அதைக் காட்டி, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு உதவியாளரிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது. அவசரத்துக்குச் சங்கத்தில் மருத்துவக் கடன் கேட்க வெட்கப்பட வேண்டாம். கூட்ட நாள் வரைக்கும் காத்திருக்காமல் ஊக்குநரிடமும் பிரதிநிதியிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்பதைவிட நம் பணம் நமக்கு உதவட்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் இரண்டு எடுத்து, ஒன்றை ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். எந்தப் பக்கம் ஆபரேஷன், என்ன தேதி, என்ன மாத்திரை என்று அதில் இருக்கும். சுத்தம் செய்த குழாய் திரும்பச் சுருங்க வாய்ப்பு உண்டு. அதனால் டாக்டர் சொன்ன தேதியில் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போக வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்துவிட்டால், தினமும் கண்ணை மூடி மூடிப் பார்க்கும்போது அதுவும் கண்ணில் படும்.